கினி பிக் தும்மினால் என்ன செய்வது? தக்கலை அக்காவிடம் கேளுங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, கினி பிக்கின் மூக்கைப் பற்றித்தான். பதினொரு வருடமாக வளர்க்கிறேன், ஆனால் நான் மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மார்த்தாண்டத்தில் இருந்து: அக்கா, எங்கள் கினி பிக் இரண்டு நாளாகத் தும்முகிறது. மூக்கோரம் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. சளிதானே, தானாகப் போய்விடாதா?

புல்லைக் கிளறும்போது ஒன்றிரண்டு முறை தும்மினால் அது தூசி. கண்ணில் பால் மாதிரி ஒரு துளி வந்து, அதை வைத்து முகம் கழுவிக்கொண்டால் அதுவும் வழக்கம்தான். மூக்கோரம் காய்ந்து ஒட்டியிருந்தால் அப்படி விடக் கூடாது. முன்னங்காலைப் பிடித்து உள்பக்க முடியைப் பாருங்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்து அங்கே முடி திரித்திரியாக ஒட்டியிருக்கும். விலாவில் காதை வைத்துக் கேளுங்கள். காகிதத்தைக் கசக்குகிற மாதிரி சத்தம் வந்தால் சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது.

இது பெரும்பாலும் பார்டிடெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவால் வருகிறது. நிமோனியா வரைக்கும் போகும். கினி பிக் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் நம்மைப் போல வாயைத் திறந்து சமாளிக்க அதற்குத் தெரியாது. அதையும் மீறி வாயைத் திறந்தோ, வயிறு துடிக்கத் துடிக்கவோ மூச்சு வாங்கினால் நிலைமை மோசம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்றே சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். வளர்ந்தது 700 கிராமில் இருந்து 1,200 வரை இருக்கும். நோயை மறைப்பதில் இது கெட்டிக்காரப் பிராணி. கொறிப்பது மாதிரி நடிக்கும், தராசில் மட்டும் ஏமாற்ற முடியாது. 50 கிராம் குறைந்தால் கண்ணை எடுக்காதீர்கள். 80, 90 குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கருங்கல்லில் இருந்து: பிள்ளைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருக்கிறது. இரண்டு சொட்டு கொடுக்கலாமா சேச்சி?

கொடுக்காதீர்கள். நான் கொடுத்துப் பார்த்தவள்.

என் முதல் கினி பிக்குக்குச் சளி பிடித்தபோது ஞாயிற்றுக்கிழமை. மருந்துக்கடையில் கேட்டேன், 'சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுதானே, குறைத்துக் கொடுங்க' என்றார்கள். எனக்கும் அது சரியென்று பட்டது. இரண்டாம் நாள் தும்மல் குறைந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு, நான்காம் நாள் காலையில் கூட்டின் மூலையில் விறைத்துக் கிடந்தது. சளியில் சாகவில்லை, என் மருந்தில் செத்தது.

காரணம் அப்புறம்தான் விளங்கியது. இதன் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் இருக்கின்றன. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகை அவற்றைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். க்ளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் எல்லாம் இதே கணக்குதான். நாய்க்கு எழுதிய சீட்டையும் இதற்கு ஓட்டாதீர்கள்.

குலசேகரத்தில் இருந்து: இங்கே டாக்டர் மாடும் நாயும்தான் பார்க்கிறார். எங்கே போவது?

முதலில் அவரிடமே போங்கள். இன்றைய எடை, போன வார எடை, என்ன தின்றது, புழுக்கை எப்படி என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். வழக்கமாகக் கொடுப்பது என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம் சல்ஃபா, டாக்சிசைக்ளின் போன்றவை. இவற்றில் எது, எத்தனை மில்லி என்பதை எடையை வைத்து அவர் சொல்லட்டும். வளர்கிற குட்டிக்கு என்ரோஃப்ளாக்சசின் எலும்பு மூட்டைக் கெடுக்கும் என்பதால் வயதையும் சொல்லிவிடுங்கள். பெரிய பரிசோதனை வேண்டுமென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூட்டிக்கொண்டு போகும்போது பைக்கின் முன்னால் காற்றில் வைக்காதீர்கள். துண்டு விரித்த அட்டைப்பெட்டி போதும்.

தும்மல் நின்றதும் மருந்தை நிறுத்துகிறவர்கள் பாதிப் பேர். எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும் கொடுங்கள்.

குளச்சலில் இருந்து: அக்கா, நேற்று மத்தியானத்தில் இருந்து எதையுமே தொடவில்லை. ஹாஸ்டலில் இருக்கிறேன், பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரிதான் மக்ளே, ஆனால் கை நடுங்கக் கூடாது. சளியைவிட இந்தப் பட்டினிதான் சீக்கிரம் கொல்லும். அரை நாள் தின்னாவிட்டாலே குடல் மந்தமாகிவிடும், அப்புறம் ஈரலும் கெடும். மருத்துவரைப் பார்க்கிற வரைக்கும் இப்படிச் செய்.

கினி பிக் தீவனக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரை. மெஸ் அக்காவிடம் கெஞ்சி மிக்சியில் அடித்து வாங்கு. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் போதும். முதலில் ஈரப் பஞ்சால் மூக்கைத் துடை, அடைத்த மூக்கோடு விழுங்க முடியாது. துண்டில் சுற்றி, வயிறு கீழே இருக்கிற மாதிரி மடியில் உட்கார வை. மல்லாக்கப் போட்டால் கூழ் நெஞ்சுக்குள் போய்விடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. பக்கவாட்டில் அதற்குள் முனையை விட்டு அரை மில்லி தள்ளு. தாடை அசைகிறதா என்று பார், மென்று விழுங்கிய பிறகு அடுத்த அரை மில்லி. ஒரு கிலோ எடைக்கு நாள் முழுக்க 50 முதல் 80 மில்லி வரை, ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடு. ராத்திரி ஒருதரம் அலாரம் வைத்து எழும்பத்தான் வேண்டும்.

தோவாளையில் இருந்து: துளசிச் சாறு, கற்பூரவல்லி, நெஞ்சில் விக்ஸ். எது நல்லது?

விக்ஸ் வேண்டவே வேண்டாம், நக்கித் தின்றுவிடும், வாசனையே மூக்கை எரிக்கும். கருப்பட்டிக் காப்பியும் நமக்கு மட்டும்தான். துளசி, கற்பூரவல்லியால் சளி நின்றதாக நான் பார்த்ததில்லை.

உண்மையில் உதவுவது வைட்டமின் சி. நம்மைப் போலவே இதுவும் அதை உடம்பில் தயாரிக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், நோயின்போது 50 வரை தேவைப்படும். கொல்லையில் காய்க்கும் கொய்யாவில் ஒரு சிறு துண்டு, குடைமிளகாய் ஒரு கீற்று கொடுங்கள். குடிக்கிற தண்ணீரில் கலக்காதீர்கள். சத்து சீக்கிரம் போய்விடும், ருசி மாறினால் தண்ணீரும் குடிக்காது.

அருமனையில் இருந்து: மருந்து கொடுத்தால் சரியாகிறது, மாதம் கழித்துத் திரும்ப வருகிறது. கூடு பின்வராந்தாவில், ரப்பர் ஷீட் போடும் புகைப்புரைக்குப் பக்கத்தில். கீழே மில்லில் வாங்கிய மரத்தூள்.

பதிலைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள் அண்ணாச்சி. புகை ஒரு பக்கம், மரத்தூள் ஒரு பக்கம், நடுவில் அந்தப் பாவம். கூட்டை இன்றே வீட்டுக்குள் மாற்றுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி எட்டாத அறையாக இருக்கட்டும். மரத்தூளுக்குப் பதில் செய்தித்தாளும் மேலே பழைய கம்பளித் துணியும் விரித்து, தினமும் ஈரத்தை மாற்றுங்கள். குனிந்து கூட்டுக்குள் முகத்தை வையுங்கள். உங்களுக்கு மூத்திர நெடி அடித்தால், நாள் முழுக்க அதன் மேலேயே படுத்திருக்கும் அதன் மூக்கை யோசியுங்கள். சாரல் ஆகாது, ஆனால் காற்றோட்டம் வேண்டும்.

புல்லையும் சொல்லிவிடுகிறேன். அருகம்புல்லோ கினிப்புல்லோ அறுத்து, மழைநீர் வடிந்த பிறகு கொடுங்கள். களைக்கொல்லி அடித்த ரப்பர் தோட்டத்துப் புல் வேண்டாம். மரச்சீனி (மரவள்ளி) இலையைத் தின்று ஆடு செத்த கதை உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இது ஆட்டைவிட எவ்வளவோ சின்னது.

கேள்வி: முயலோடு ஒரே கூட்டில் விடலாமா?

கூடாது. முயலும் நாயும் ஒரு தும்மல்கூட இல்லாமல் பார்டிடெல்லாவைச் சுமந்து திரியும். புதிதாக வாங்கிய கினி பிக்கையும் இரண்டு வாரம் வேறு அறையில் வைத்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

ஆரல்வாய்மொழியில் இருந்து: இரண்டு முறை முழு மருந்தும் முடித்தாகிவிட்டது. சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் மூச்சில் சத்தம் போகவில்லை. எடையும் மெல்லக் குறைகிறது.

அப்படியென்றால் மூன்றாவது முறையும் அதே மருந்தைக் கேட்காதீர்கள். மேல் பல்லின் வேர் வளர்ந்து மூக்குப் பாதையை அழுத்தினாலும், இதயம் பழுதானாலும், நுரையீரலில் கட்டி இருந்தாலும் இதே சத்தம் வரும். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ராமையன்பட்டி பக்கம்தான். எடை எழுதிய நோட்டையும், இதுவரை கொடுத்த மருந்துக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.