மெக்கானிக்கல் படிப்போடு மைனர்: எடுக்கலாமா, எதை எடுப்பது?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். ஓ.எம்.ஆர். பக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. மெக்கானிக்கல் நான்காம் செமஸ்டர் படிக்கிறேன். சி.ஜி.பி.ஏ. 7.8, அரியர் இல்லை. அடுத்த செமஸ்டரிலிருந்து மைனர் டிகிரியில் சேரலாம் என்று சர்க்குலர் வந்திருக்கிறது. வேலை கிடைக்க உதவுமா, வெறும் சுமைதானா?

பதில்: உதவும், எடுங்கள். ஆனால் எந்தப் பாடம், எந்த செமஸ்டரில் எத்தனை பேப்பர் என்று கணக்குப் போட்ட பிறகு பெயர் கொடுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிகளில்) மைனர் என்பது டிகிரிக்கு வேண்டிய கிரெடிட்டுகளுக்கு மேல் இன்னும் 18 கிரெடிட். பேப்பருக்கு 3 கிரெடிட் வீதம் ஆறு பேப்பர். வேறொரு பொறியியல் துறையின் வெர்டிகல் (ஒரே பொருள் சார்ந்த பேப்பர்களின் தொகுப்பு) ஒன்றை எடுக்கலாம். இல்லையென்றால் எல்லாத் துறைக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஐந்தில் ஒன்று: ஃபின்டெக்–பிளாக்செயின், தொழில்முனைவு, பொது நிர்வாகம், பிசினஸ் டேட்டா அனலிடிக்ஸ், சுற்றுச்சூழல்–நிலைத்தன்மை. சொந்தத் துறைப் பாடத்தையே கூடுதலாகப் படித்தால் அது ஆனர்ஸ் கணக்கில் போகும். பி.எஸ்சி. படிக்கும் நண்பர்கள் ‘அலைட்’ என்று சொல்வதோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அலைட் அவர்கள் டிகிரிக்குள்ளேயே அடங்கியது, மைனர் அதற்கு மேல் வருவது.

பலன் எங்கே இருக்கிறது என்பதைத் தொழிற்சாலைக்குள் வைத்துப் பார்ப்போம். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாக ஆலையில் சி.என்.சி. லேத்தில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் கடைசல் இயந்திரத்தில்) ஷாஃப்ட் கடைகிறார்கள் என்று வையுங்கள். டிராயிங்கில் விட்டம் 25 மி.மீ., டாலரன்ஸ் (அனுமதிக்கும் வித்தியாசம்) கூட்டியும் குறைத்தும் 0.02. காலையில் சரியாக வந்த பீஸ், மதியம் 25.03 காட்டி ரிஜெக்ட் ஆகிறது. உலோகத்தைச் செதுக்கும் சிறு வெட்டுத் துண்டான இன்செர்ட்டின் முனை தேய்ந்தால் வெளிவிட்டம் கூடும் என்பது மெக்கானிக்கல் மாணவருக்குத் தெரியும். மெஷின் சூடேறினாலும் அளவு நகரும் என்பதும் தெரியும். இரண்டில் எது காரணம்?

300 பீஸின் அளவை வரிசையாக எடுத்து, இன்செர்ட் மாற்றிய நேரத்தையும் குறித்து கிராஃப் போட்டால் விடை தெரியும். கோடு மெல்ல ஏறி, இன்செர்ட் மாற்றியதும் படக்கென்று இறங்கினால் தேய்மானம். இன்செர்ட் மாற்றியும் இறங்காமல், மெஷின் ஓடிய நேரத்தோடு சேர்ந்தே நகர்ந்தால் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். கிராஃப் போடத் தெரிந்தவருக்கு இன்செர்ட் தெரியாது. இன்செர்ட் தெரிந்த பலருக்கு டேட்டாவைக் கையாளத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஆளாக உங்களை ஆக்குவதுதான் மைனரின் வேலை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், எண்ணூர் என்று வாகனத் தொழில் சூழ்ந்த சென்னையில் இருக்கும் மெக்கானிக்கல் மாணவருக்கு டேட்டா அனலிடிக்ஸ் நல்ல ஜோடி. மின்வாகனப் பக்கம் போக நினைத்தால் எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் துறைகளின் வெர்டிகலைப் பாருங்கள். ‘இப்போ டிரெண்டு’ என்பதற்காக மட்டும் பிளாக்செயின் எடுக்காதீர்கள். இன்டர்வியூவில் அதை மெக்கானிக்கலோடு இணைத்துப் பேச வழி தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்தது நேரம். 3 கிரெடிட் பேப்பருக்கு வாரம் 3 பீரியட், செமஸ்டருக்கு 45. இரண்டு பேப்பர் எடுத்தால் வாரம் 6 பீரியட் கூடும். அந்த வகுப்பு டைம்டேபிளுக்குள் வருகிறதா, மாலையிலா, சனிக்கிழமையா என்று முதலில் கேளுங்கள். மாலை வகுப்பு என்றால் கல்லூரி பஸ் போய்விடும். ஓ.எம்.ஆரிலிருந்து பெரம்பூர் வரை பஸ்ஸும் ரயிலும் மாறி வீடு சேர்ந்த பிறகு டிசைன் பேப்பர் பிராப்ளம் போட உடம்பில் தெம்பு இருக்காது. நல்ல மாணவர்கள் மைனரைப் பாதியில் விடுவது பெரும்பாலும் பாடம் கடினம் என்பதால் இல்லை, இந்த அலைச்சலால்தான்.

ஆறு பேப்பரையும் ஐந்து, ஆறு, ஏழாம் செமஸ்டர்களில் இரண்டிரண்டாக முடித்துவிடுங்கள். எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு. கேம்பஸ் இன்டர்வியூ ஏழாம் செமஸ்டரிலேயே தொடங்கிவிடும், அப்போது உங்கள் கையில் நான்கு பேப்பர்தான் இருக்கும். அதனால் கைவேலையுள்ள பேப்பர்களை ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் வையுங்கள். தியரி பின்னால் வரட்டும். ரெஸ்யூமேயில் ‘மைனர்: 12 கிரெடிட் முடிந்தது, 6 நடப்பில்’ என்று உள்ளபடியே எழுதுங்கள். அதற்குக் கீழே மேலே சொன்ன ஷாஃப்ட் கணக்கு மாதிரி ஒரு சிறு புராஜெக்ட் இரண்டு வரியில் இருக்கட்டும். கேள்வி அங்கிருந்துதான் வரும்.

மைனரால் ஆகாதவையும் உண்டு. நிறுவனங்கள் முதல் வடிகட்டலில் பார்ப்பது சி.ஜி.பி.ஏ.வும் அரியரும். 7.8 என்பது 6.9 ஆகிவிட்டால், 7 கேட்கும் நிறுவனத்தில் உங்கள் மைனரை யாரும் படிக்கவே மாட்டார்கள். ஐந்தாம் செமஸ்டர் முடிவில் மெயின் பேப்பர்களில் மதிப்பெண் சரிந்தால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள். அரசுப் பணிக்கும் உங்கள் தகுதி மெக்கானிக்கல் டிகிரிதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் கேட்கும் பணியிடத்துக்கு மைனரைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது.

சில பேப்பரை ஆன்லைனில் முடிக்கக் கல்லூரி அனுமதித்தால் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் உள்ள என்.பி.டி.இ.எல். பாடங்கள் (ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் வகுப்புகள்) அலைச்சலைக் குறைக்கும். 12 வாரப் பாடம் 3 கிரெடிட்டுக்குச் சமம், 8 வாரம் 2, 4 வாரம் 1. அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக வேண்டும். வீடியோ மட்டும் பார்த்துவிட்டு அசைன்மென்ட் கெடு தேதியைத் தவறவிடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். எந்தப் பாடக் குறியீடு எந்தப் பேப்பருக்கு ஈடு என்பதைச் சேரும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முடித்த பிறகு ‘இது லிஸ்ட்டில் இல்லை’ என்றால் ஒரு செமஸ்டர் உழைப்பு போச்சு.

பெயர் கொடுக்கும் முன் துறையில் இவற்றையும் கேட்டுவிடுங்கள்: சேர என்ன சி.ஜி.பி.ஏ. வேண்டும், மைனர் மதிப்பெண் சி.ஜி.பி.ஏ.வில் சேருமா, பாதியில் விட்டால் மார்க் ஷீட்டில் எப்படி வரும், ஆள் குறைந்தாலும் ஆறு பேப்பரையும் நடத்துவார்களா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத வெர்டிகலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். மைனருக்கு எடுக்கும் பேப்பரையே எலெக்டிவ் கணக்கிலும் காட்ட முடியாது, அதனால் எலெக்டிவ் தேர்வையும் அதே நாளில் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.