சுவிசேஷம் சொல்வது யார் வேலை? கேள்வி பதில்

சகல ஜாதிகளையும் சீஷராக்கி ஞானஸ்நானம் கொடுங்கள் என்ற இயேசுவின் பிரதான கட்டளை பதினொரு சீஷர்களுக்குத்தானே கொடுக்கப்பட்டது? நாம் ஏன் அதைத் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டும்?

பழைய கேள்வி. 1792-ல் இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் போதகர் வில்லியம் கேரி மிஷனெரி ஊழியத்தைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதியபோதே இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கட்டளை அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டதென்றால், அதே கட்டளையில் உள்ள ஞானஸ்நானமும் அவர்களோடு முடிந்திருக்க வேண்டுமே என்றார். "உலகத்தின் முடிவுபரியந்தம்" கூட இருப்பேன் என்ற வாக்குத்தத்தத்தையும் விட்டுவிட வேண்டியிருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய சான்று அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம். ஸ்தேவான் கொல்லப்பட்டபின் துன்பம் வருகிறது. அப்போஸ்தலர் தவிர மற்ற எல்லாரும் சிதறிப்போகிறார்கள். சிதறினவர்கள்தான் போன இடமெல்லாம் சுவிசேஷம் சொல்கிறார்கள். அப்போஸ்தலர் எருசலேமிலேயே இருக்கிறார்கள்! 11-ஆம் அதிகாரத்தில், அந்தியோகியாவில் கிரேக்கரிடம் பேசியவர்களுக்கு வேதத்தில் பெயர்கூட இல்லை. சீப்புருதீவாரும் சிரேனே பட்டணத்தாருமான "சிலர்", அவ்வளவுதான். எபேசியர் 4-ல் சுவிசேஷகர் என்று தனியே ஒரு வரம் இருப்பது உண்மை. அந்த வரம் இல்லாதவர் வாயைத் திறக்கக்கூடாது என்று அங்கே எழுதவில்லை.

கூச்சமாக இருக்கிறது, எப்படி ஆரம்பிப்பது?

கேட்பதில் ஆரம்பியுங்கள். அப்போஸ்தலர் 8-ல் வரும் சுவிசேஷகன் பிலிப்பு ரதத்தின் அருகே ஓடிப்போனதும் பிரசங்கம் செய்யவில்லை. எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசிப்பதைக் காதில் வாங்கினான். வாசிப்பது புரிகிறதா என்று கேட்டான். மந்திரி ஏறி உட்காரச் சொன்னபிறகே ஏறினான். எந்த வசனத்தை அவர் வாசித்துக்கொண்டிருந்தாரோ, அங்கிருந்தே தொடங்கினான். அந்த வரிசையை மாற்றாமல் நீங்களும் செய்யுங்கள்.

மருத்துவமனை வார்டுகளில் கைப்பிரதி (சுவிசேஷத் துண்டுப்பிரசுரம்) கொடுக்கிறோம். வேறென்ன செய்யலாம்?

முதலில் கொடுப்பதை நிறுத்தலாம். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவர் எழுந்து போக முடியாது. சரி சரி என்று தலையாட்டுவார். மறுக்க வழியில்லாதவரின் தலையாட்டலை விசுவாசம் என்று எண்ணாதீர்கள். பழம் கொடுங்கள், துணைக்கு உட்காருங்கள், அவராகக் கேட்டால் சொல்லுங்கள். உதவியோடு விசுவாசத்தை முடிச்சுப் போடாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

என் கணவர் விசுவாசி அல்ல. தினமும் வசனம் சொல்கிறேன், எரிச்சல்படுகிறார்.

1 பேதுரு 3:1 உங்களுக்காகவே எழுதினதுபோல இருக்கிறது, சகோதரி. போதனையின்றி, நடக்கையினால். வசனத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

அப்படியானால் வாழ்க்கையே போதுமே? "தேவைப்பட்டால் மட்டும் வார்த்தைகளால் பிரசங்கியுங்கள்" என்று துறவி அசிசியின் பிரான்சிஸ் சொல்லியிருக்கிறாரே.

அவர் எழுத்துகளில் அந்த வாக்கியம் இல்லை. அவர் ஊர் ஊராகப் போய் வாயால் பிரசங்கித்தவர். சகோதரர்கள் எல்லாரும் செயலாலும் பிரசங்கிக்க வேண்டும் என்று தம் துறவற சபையின் ஒழுங்கில் எழுதினார், அது வேறு. என் நல்ல நடத்தையைப் பார்ப்பவர் என்னை மெச்சுவார். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பயமாக இருக்கிறது. பேச்சை எப்படித் தொடங்குவது?

மேலே பிலிப்பு.

மதமாற்றச் சட்டம் பற்றி…

வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

எசேக்கியேல் 3 என்ன சொல்கிறது? எச்சரிக்காவிட்டால் இரத்தப்பழி நம்மேல். உங்கள் பதில்கள் ரொம்ப மிருதுவாக இருக்கின்றன.

எசேக்கியேல் இஸ்ரவேல் வம்சத்தாருக்கு வைக்கப்பட்ட காவலாளன். உடன்படிக்கைக்குள் இருந்த சொந்த ஜனத்துக்கு அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி. அதை அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு அப்படியே பொருத்த முடியாது.

பவுலும் அதைத்தானே சொல்கிறார்? "எல்லாருடைய இரத்தப்பழிக்கும் நீங்கி" அப்போஸ்தலர் 20:26. (அதே சகோதரர்)

பலமான வசனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரிடம் சொல்கிறார்? எபேசு சபையின் மூப்பரிடம். அவர்களோடு மூன்று வருஷம் இரவும் பகலும் கண்ணீரோடு இருந்தபின் சொல்கிறார். பேருந்தில் கைப்பிரதியைத் திணித்துவிட்டு, என் கடன் தீர்ந்தது என்று இறங்குபவருக்கு இந்த வசனத்தை எடுக்க உரிமையில்லை. பழியிலிருந்து தப்பிக்கப் பேசினால், எதிரே இருப்பவரை என் பாரத்தை இறக்கும் இடமாக ஆக்கிவிடுகிறேன்.

பயத்தை எடுத்துவிட்டால் யாரும் வாயே திறக்கமாட்டார்கள், ஐயா. (இன்னொருவர்)

"கிறிஸ்துவின் அன்பு எங்களை நெருக்கி ஏவுகிறது" என்று 2 கொரிந்தியர் 5:14 சொல்கிறது. அதற்குச் சற்று மேலே, 11-ஆம் வசனத்தில், பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. அது கர்த்தருக்குப் பயப்படும் பயம். இத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்குக் காட்டவேண்டிய பயம் அல்ல. தலை எண்ணாதீர்கள். பவுல் நட்டார், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினார், விளையச்செய்தது தேவன்.

எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா?

மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

"இனி இதைப் பற்றிப் பேசாதே" என்று நண்பர் சொல்லிவிட்டார். விட்டுவிடலாமா?

பேச்சை விடுங்கள், நண்பரை விடாதீர்கள். பேதுருவின் நிருபத்தில் விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்லச் சொல்லியிருக்கிறது. அவராகக் கேட்கும் நாள் வந்தால் ஆயத்தமாக இருங்கள். அதுவரை ஜெபியுங்கள். ஆனால் "உனக்காக ஜெபிக்கிறேன்" என்று வாராவாரம் அவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். அதுவும் அவர் வேண்டாமென்று சொன்ன பேச்சுதான்.