பட்டன் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, பிழையும் வரவில்லை

வணக்கம் ஐயா,

அப்பாவின் கடைக்காக பைத்தானில், விண்டோவும் பட்டனும் உருவாக்கும் டிகின்டர் லைப்ரரி வைத்து பில் போடும் புரோகிராம் எழுதினேன். என் கணினியில் டெர்மினலிலிருந்து ஓட்டினால் நன்றாக ஓடுகிறது. பைத்தான் புரோகிராமை எக்ஸி ஃபைலாக மாற்றும் பைஇன்ஸ்டாலர் மூலம், கறுப்பு டெர்மினல் விண்டோ வராதபடி எக்ஸி ஆக்கிக் கடையில் போட்டேன். அங்கே ‘பில் போடு’ பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. பிழைச் செய்தியும் இல்லை. விண்டோவை ஓடவைக்கும் மெயின்லூப்பை, பிழையைப் பிடிக்கும் ட்ரை-எக்செப்டுக்குள் வைத்துப் பார்த்தும் எதுவும் சிக்கவில்லை. எங்கே தேடுவது?

அன்புள்ள தம்பி,

பிழை வருகிறது. அது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பட்டனுக்குக் கொடுத்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது டிகின்டர். உள்ளே எக்செப்ஷன் (பிழை) எழுந்தால் டிகின்டரே அதைப் பிடித்து, பிழை எங்கே எழுந்தது என்று காட்டும் டிரேஸ்பேக்கை, பிழைச் செய்திகள் போகும் ஸ்டாண்டர்ட் எரரில் எழுதிவிட்டு, மெயின்லூப்பைத் தொடர்ந்து ஓடவிடுகிறது. அதனால் வெளியே நீங்கள் போட்ட ட்ரை வரைக்கும் அது வந்து சேர்வதே இல்லை. டெர்மினலில் ஓட்டும்போது பிழை எழுந்தால் ‘எக்செப்ஷன் இன் டிகின்டர் கால்பேக்’ என்று தொடங்கி வரும். விண்டோஸில் கறுப்பு விண்டோ இல்லாத எக்ஸிக்கோ ஸ்டாண்டர்ட் எரர் என்று ஒன்றே கிடையாது. அங்கே அதன் மதிப்பு ‘நன்’ (None), அதாவது எதுவும் இல்லை. எழுத இடமில்லாமல் மொத்த டிரேஸ்பேக்கும் காணாமல் போகிறது.

ரூட் விண்டோவில் ‘ரிப்போர்ட்_கால்பேக்_எக்செப்ஷன்’ என்றொரு மெத்தட் உண்டு. டிகின்டர் பிழையை ஒப்படைப்பது அதனிடம்தான். அந்த இடத்தில் உங்கள் ஃபங்ஷனை வையுங்கள். பிழையின் வகை, மதிப்பு, டிரேஸ்பேக் என்று மூன்று ஆர்கியுமென்ட் அதற்கு வரும். ‘டிரேஸ்பேக்’ மாட்யூலின் ‘ஃபார்மட்_எக்செப்ஷன்’ கொண்டு அவற்றை எழுத்தாக்கி ஒரு லாக் ஃபைலில் சேருங்கள். கூடவே மெசேஜ்பாக்ஸில் ‘பில் பதிவாகவில்லை’ என்று காட்டுங்கள். கல்லாவில் இருப்பவருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். பில் விழுந்துவிட்டது என்று நினைத்து அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடக் கூடாது.

ஒவ்வொரு ஃபங்ஷனிலும் எக்செப்ட் போட்டு ‘பாஸ்’ (எதுவும் செய்யாதே) என்று விட்டுவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கணக்கு தப்பினால் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது.

என் சந்தேகம் ஃபைல் பாதையில்தான். பில் டெம்ப்ளேட்டை வெறும் பெயரால் திறக்கிறீர்கள் என்றால், எக்ஸி ஓடும் ஃபோல்டரில் அது இல்லாமலிருக்கலாம். லாக் ஃபைலுக்கும் இதே சிக்கல் வரும், ஆகவே அதற்கு முழுப் பாதை கொடுங்கள். டிரேஸ்பேக்கின் கடைசி வரியில் ‘ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்’ (ஃபைல் கிடைக்கவில்லை) என்றிருந்தால் ஊகம் சரி. வேறு ஏதாவது இருந்தால் டிரேஸ்பேக் முழுவதையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.