எலிக்காய்ச்சலில் நாயைப் பறிகொடுத்த வீட்டில் இன்னொரு நாய் வளர்க்கலாமா?

கேள்வி: எங்கள் மணி ஏழு வருஷம் எங்களோடு இருந்தவன். ஐப்பசி மழையில் கண்ணெல்லாம் மஞ்சளாகி ஐந்தே நாளில் போய்விட்டான். எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். வருஷா வருஷம் தவறாமல் ஊசி போட்டும் இப்படி ஆகிவிட்டதே என்று மனசு ஆறவில்லை. அவன் தண்ணீர்த் தட்டு இன்னும் கொல்லைக் குழாயடியிலேயே இருக்கிறது. காப்பகத்திலிருந்து ஒரு நாயை எடுத்து வளர்ப்போம் என்கிறார் வீட்டுக்காரர். நோய் வீட்டிலேயே தங்கியிருக்கும், ஒரு வருஷத்துக்கு வேறு நாய் கூடாது என்கிறார்கள் தெருவில். நாலு வயதுப் பேரன் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் ஒருவர், "ரெஸ்க்யூ குட்டி, ஊசியெல்லாம் போட்டாச்சு, நாலாயிரம் போதும்" என்கிறார். என்ன செய்வது?
– திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: தாராளமாக எடுங்கள் அம்மா. ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் அந்த ஊசி விஷயம். நம் பக்கம் "நாய்க்கு ஊசி" என்றால் வெறிநோய்த் தடுப்பூசி மட்டும்தான். மணிக்கு நீங்கள் வருஷா வருஷம் போட்டதும் அதுவாகத்தான் இருக்கும். அவன் ஊசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வெறிநோய் ஊசி எலிக்காய்ச்சலைத் தடுக்காது. அதற்கான மருந்து, பல நோய்க்குச் சேர்த்துப் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் வரும், அதுவும் எல்லாக் கூட்டுத் தடுப்பூசியிலும் இல்லை. குப்பியின் மேல் "எல்" என்ற ஆங்கில எழுத்தோ "லெப்டோ" என்ற சொல்லோ இருக்க வேண்டும். முதல் தடவை இரண்டு ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில். பிறகு வருஷத்துக்கு ஒன்று.

இதை உங்களிடம் யாரும் சொல்லாதது உங்கள் குற்றமில்லை. வயலும் வாய்க்காலும் எலி வளையுமாக இருக்கிற டெல்டாவில் நாய்க்கு முதலில் சொல்ல வேண்டிய ஊசிகளில் இது ஒன்று. ஆனால் ஊர்ப்புற மருந்தகத்துக்குப் போனால் மாடும் ஆடும் வரிசையில் நிற்கும், ஒரே டாக்டர் இருப்பார். நாயைக் கொண்டுபோனவருக்கு வெறிநோய் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். கூட்டுத் தடுப்பூசியை வெளியில் வாங்கிவரச் சொல்லக்கூட அங்கே யாருக்கும் நேரமில்லை. இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! குறித்துக்கொள்வார்கள், அத்தோடு சரி.

நோய் வீட்டில் தங்குமா என்றால், இந்தக் கிருமி ஈரத்தில்தான் வாழும். எலியின் சிறுநீரில் வெளியே வந்து, தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில்கூட இருக்கும். காய்ந்த தரையிலும் நல்ல வெயிலிலும் தாங்காது. மணி போய் மூன்று மாதமாகிறது. அவன் படுத்த திண்ணையில் இப்போது ஒன்றுமில்லை. குழாயடி, சாக்கடை ஓரம், மாட்டுக்கொட்டகை மூத்திரக்கால் மாதிரி ஈரம் காயாத இடங்களைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் காயவிடுங்கள். போதும்.

தெருவில் சொல்லும் அந்த ஒரு வருஷக் கணக்கு வேறு ஒரு நோய்க்கு உரியது. அதற்குப் பெயர் பார்வோ. மூன்று நாலு மாதக் குட்டி வாந்தியெடுத்து, குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு இரத்தமாகக் கழிந்து சாகுமே, அது. பார்வோ வைரஸ் காய்ந்தாலும் எளிதில் சாகாது. நிழலான மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருஷம்கூட இருக்கும். சிமெண்டுத் தரை என்றால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிடலாம். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்து வீண். மண் கொல்லையை எப்படிக் கழுவுவது? அதனால் பார்வோவில் குட்டி செத்த வீட்டில் இன்னொரு குட்டியை உடனே விடக்கூடாது. அப்போதும் தடுப்பூசி முறையாகப் போட்ட பெரிய நாய் வரலாம். குட்டியே வேண்டுமென்றால் பதினாறு வாரம் தாண்டி, கடைசித் தவணையும் போட்டு இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மணிக்குப் பார்வோ இல்லை. ஆனால் இதைப் படிக்கிற வேறு யாராவது, "டாக்டர் சொல்லிவிட்டார், காத்திருக்க வேண்டாம்" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

இப்போது அந்த வாட்ஸ்அப்காரர். பணம் அனுப்பிவிடாதீர்கள். காப்பகம் நாயை விற்காது. கருத்தடைக்கும் ஊசிக்கும் ஆன செலவைக் கேட்கலாம், ரசீது தரும். உங்கள் வீட்டைப் பற்றி நாலு கேள்வி கேட்கும், கையெழுத்து வாங்கும். தரகர் ஒன்றுமே கேட்க மாட்டார். நாய் இருக்கிற இடத்தைக் காட்டவும் மாட்டார். "பைபாஸ் பக்கம் வந்து வாங்கிக்கோங்க, முன்பணம் ஜிபே பண்ணிடுங்க" என்பார்.

போன மாதம் ஒரு குடும்பம் இப்படி வாங்கிய குட்டியோடு என்னிடம் வந்தது. புத்தகத்தில் நாலு ஊசி. நாலும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரு கட்டத்திலும் டாக்டரின் பதிவு எண் இல்லை. குப்பியிலிருந்து உரித்து ஒட்டியிருந்த ஒரே சீட்டில், ஊசி போட்டதாக எழுதியிருந்த தேதிக்கு முன்பே மருந்து காலாவதி. வாயைத் திறந்து பார்த்தேன், முன்பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஒரு மாதக் குட்டி! எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. யார் பார்க்கிறார்கள்? தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023 விதியும் சொல்கிறது. அதை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தத் தரகர்களுக்குக் குட்டியே கிடைக்காது. அந்தக் குட்டியை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே "ஊசி போட்டாச்சா" என்று கேட்காதீர்கள். "எந்த ஊசி, எந்தத் தேதி, சீட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காப்பகமே ஆனாலும் கேளுங்கள். லெப்டோ இல்லையென்றால் வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். நம் பக்கத்தில் எங்கே என்று தெரியாவிட்டால் உரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை வயலுக்கும் வாய்க்காலுக்கும் அழைத்துப் போகாதீர்கள். பேரன் இருப்பதால் இரண்டு மூன்று வயதான, அமைதியான நாயாகப் பாருங்கள். அவனையும் கூட்டிப்போய், நாய் தானாக அவனிடம் வருகிறதா என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

மணியிடமிருந்து யாருக்காவது தொற்றியிருந்தால் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் காட்டியிருக்கும். அந்தப் பயம் இனி வேண்டாம். பயப்பட வேண்டியது எலிக்கு. சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இருந்தவை வைக்கோல்போருக்கும் வீட்டுக்கும் வரும். விஷம் வைக்காதீர்கள், செத்த எலியைத் தின்று நாய் சாவதை அடிக்கடி பார்க்கிறேன். நம் தஞ்சாவூர் மூங்கில் கிட்டியை வைக்கத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள், கூப்பிடுங்கள்.

மணியின் தட்டைத் தூக்கிப்போட வேண்டாம். கொதிநீர் ஊற்றிக் கழுவி ஒரு நாள் வெயிலில் வையுங்கள், வருகிற நாய்க்கே ஆகும். ஆனால் இராத்திரி முழுக்கக் குழாயடியில் தண்ணீரோடு இருக்கும் தட்டில் எலி வந்து குடிக்கும், அதிலேயே சிறுநீரும் விடும். விளக்கணைக்கும் முன் அதைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, காலையில் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.