நாடாளுமன்றத்தில் ஒரு எம்.பி.க்கு உண்மையில் என்ன வேலை?

"எங்கள் எம்.பி. சபையில் எழுந்து முழங்கி நான் ஒரு வீடியோகூடப் பார்த்ததில்லை. அவர் அங்கே என்னதான் செய்கிறார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மக்களவை உறுப்பினர் ஒருவரின் டெல்லி அலுவலகத்தில் மூன்று வருடம் உதவியாளராக இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அவர் பெரிய பேச்சாளர் இல்லை. ஆனால் அரசாங்கத்தின் வாயிலிருந்து எழுத்தில் பதில் வாங்குவது எப்படி என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். எம்.பி.யின் நாடாளுமன்றப் பணியில் பெரும்பங்கு அதுதான்.

நான் சேர்ந்த புதிதில் தொகுதியிலிருந்து ஒரு இன்லேண்ட் கடிதம் வந்தது. எழுதியவர் நூற்பாலையில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். ஓய்வூதியமாக மாதம் ஆயிரத்துச் சொச்சம் வருகிறது, மாத்திரைக்கே பற்றவில்லை என்று எழுதியிருந்தார். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்திருந்தார்கள். நான் உணர்ச்சிவசப்பட்டு, "இந்த ஓய்வூதியத்தை உயர்த்த அரசு முன்வருமா?" என்று கேள்வி எழுதிக் கொண்டுபோனேன். எம்.பி. படித்துவிட்டுச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

"உயர்த்துவீங்களான்னு கேட்டா பார்க்கலாம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க தம்பி. எத்தனை பேர் வாங்குறாங்க, மாநிலவாரியா எவ்வளவு, உயர்த்தச் சொல்லி வந்த கோரிக்கை எந்த மேஜையில நிக்குதுன்னு கேளு. அதுக்குப் பதில் எழுதணும்னா ஃபைலைத் திறந்தே ஆகணும்."

அன்று இரவு அதே கேள்வியை (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரித்து மூன்று தடவை திருத்தி எழுதினேன். 150 சொல்லுக்குள் அடக்க வேண்டும். குறைந்தது 15 நாளுக்கு முன்பே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகமும் பதில் சொல்ல வாரத்தில் ஒரு நாள் உண்டு. வந்து குவியும் கேள்விகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. முதல் வகைக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், இரண்டாவதற்கு எழுத்தில் வரும். எங்களுடையது குறியிடாத கேள்வியாக வந்தது. யாரும் எழுந்து பேசவில்லை, கேமராவும் இல்லை. ஆனால் பதிலோடு மாநிலவாரி அட்டவணை ஒன்று இணைப்பாக வந்தது. அதைக் கையில் வாங்கியபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை இன்றும் மறக்கவில்லை.

கேள்வி கேட்பது தனிக் கலை. கொஞ்சம் இடம் கொடுத்தாலும், "இது மாநிலப் பட்டியலில் வரும் விஷயம்" என்றோ, "இந்தத் தகவல் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்றோ ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்று மட்டும் கேட்டால் ஒதுக்கிய தொகையைச் சொல்வார்கள், பார்க்கப் பெரிதாக இருக்கும். ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்றாவது எண்ணில்தான் உண்மை இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அமைச்சர் பதிலில் "பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னால் அது காற்றோடு போய்விடுவதில்லை. அரசு வாக்குறுதிகள் குழு என்று மக்களவையில் 15 பேர் கொண்ட ஒரு குழு இருக்கிறது. அப்படிப்பட்ட சொற்களை வாக்குறுதியாகக் கணக்கில் ஏற்றி, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றும்படி துரத்துவது அதன் வேலை. தாமதம் ஆகத்தான் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் சொன்ன சொல் கணக்கில் நிற்கிறது.

அவையில் கேட்கும் கேள்விக்கு எவ்வளவு பலம் என்பதற்கு 1957-ஐப் பாருங்கள். எல்.ஐ.சி. பணம் 1.24 கோடி ரூபாய் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்டதை மக்களவையில் கிளப்பியவர் ஃபெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இதை நான் சொல்லக் காரணம் உண்டு. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு எம்.பி.யின் கை கட்டப்பட்டுவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். வாக்களிப்பில் அது உண்மை, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். ஆனால் கேள்வி கேட்பதற்கு எந்தக் கொறடா உத்தரவும் கிடையாது.

அடுத்து, அமைச்சகங்களின் செலவுகளையும் மசோதாக்களையும் ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுக்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1993-இல் 17 குழுக்களாகத் தொடங்கி 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்களுக்கு இடமில்லை. கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும் என்பதால் யாரும் யாருக்காகவும் நடிக்க வேண்டியதில்லை. அவையில் மோதிக்கொண்ட இரண்டு கட்சிக்காரர்கள் அங்கே அருகருகே உட்கார்ந்து ஒரே அதிகாரியை மடக்குவார்கள் என்று எங்கள் எம்.பி. வந்து சொல்வார். கூட்டத்துக்கு முந்தின இரவு அமைச்சகம் கொடுத்த கட்டுக்கட்டான தாள்களை அவர் அடிக்கோடிட்டுப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். 2023 மார்ச்சில் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும், அதாவது அவை தங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகளும், மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறின. அந்தச் செலவுகளை வரிவரியாகப் பார்த்த இடம் நிலைக்குழு மட்டும்தான்.

அதனால்தான் மசோதாக்கள் குழுவுக்குப் போகாதது எனக்கு வலிக்கிறது. 15-ஆவது மக்களவையில் (2009-14) நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழு ஆய்வுக்குப் போயின. 17-ஆவதில் (2019-24) அது 16 ஆகக் குறைந்தது. முதல் மக்களவை 677 நாள் கூடியது, 17-ஆவது 274 நாள்தான். எம்.பி. வேலை செய்யவில்லை என்று நாம் கோபப்படும் முன், வேலை செய்ய அவருக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. பூஜ்ய நேரம் என்ற பெயர் விதிப் புத்தகத்திலேயே இல்லை. குறித்த நேரத்துக்குள் நோட்டீஸ் கொடுத்து, குலுக்கலில் பெயர் வந்தால் அவசர விஷயத்தைச் சொல்லலாம். விதி 377-இன் கீழ் தொகுதிப் பிரச்சினையை எழுதிக் கொடுக்கலாம். அமைச்சராக இல்லாத எம்.பி.யும் தானே ஒரு மசோதா கொண்டுவரலாம், அதுதான் தனிநபர் மசோதா. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் சட்டமானவை மொத்தம் 14, கடைசியானது 1970-இல். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையைத் தாண்டவில்லை. அதனால் அது வீண் என்று சொல்ல மாட்டேன். அதன் பிறகு அரசே தன் மசோதாவைக் கொண்டுவர வேண்டி வந்தது, 2019-இல் சட்டமும் ஆனது.

வருடத்துக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதியை வைத்து எம்.பி.யை எடைபோடாதீர்கள். எம்.பி. பணியைப் பரிந்துரைப்பார், நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். நாடாளுமன்றப் பணி அது அல்ல. வருகைப் பதிவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்களும் உண்டு.

நாடாளுமன்ற இணையதளத்தில் உங்கள் எம்.பி. பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும் கிடைக்கும். எண்ணிக்கையைப் பார்க்காமல் நாலைந்தைத் திறந்து படியுங்கள். கேள்வியில் உங்கள் ஊர்க்காரர் யாருடைய கடிதமாவது இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அந்த நூற்பாலைத் தொழிலாளிக்குப் பதிலைத் தமிழில் எழுதி அட்டவணையோடு அனுப்பினோம். பத்து நாளில் இன்னொரு இன்லேண்ட் கடிதம். "அட்டவணை கிடைத்தது ஐயா. இதில் விதவை ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று தனியாக இல்லை. அடுத்த முறை அதையும் கேளுங்கள்." அடுத்த கூட்டத்தொடரில் அதைத்தான் (அ) என்று போட்டோம்.