சக்கரத்துக்குள் சீனா

அன்புள்ள ஐயா,

சீனப் புத்தாண்டுக்கு முன்பு சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு வாட்ச் கடை முன்னால் நின்றேன். டயலில் அந்த வருட விலங்கைச் செதுக்கிய வாட்ச்சுகள் கண்ணாடிக்குள் இருந்தன. விலையைக் கேட்டதும் ஊரில் வீடே வாங்கிவிடலாமே என்றிருந்தது. எல்லாம் சுவிஸ் கம்பெனிகள். கூட வந்த சீன நண்பர், “எங்கள் பாட்டன் சொத்தை எங்களுக்கே விற்கிறார்கள்” என்று சிரித்தார். இதில் கலை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. இந்த விலங்கு வாட்ச்சுகளில் பல, பழைய வாட்ச்சுக்குப் புது டயல் மாட்டியவைதான். ஒரு வருடம் பாம்பு, மறு வருடம் குதிரை. உள்ளே அதே இயந்திரம்.

ஆனால் 2012இல் சுவிஸ் கம்பெனியான பிளாங்பெயின் கொண்டுவந்த சீன நாட்காட்டி வாட்ச் வேறு ரகம். சீன மாதம் நிலவைப் பார்த்து நடப்பது. 29 நாள் அல்லது 30 நாள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் வரும். பருவத்தோடு ஒட்டவைக்க 19 வருடத்தில் ஏழு முறை ஓர் அதிக மாதத்தைச் செருகுவார்கள். நம் பக்கத்துத் தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களிலும் அதிக மாதம் உண்டு. அது எந்த மாதத்துக்குப் பின்னால் வரும் என்பதை வானக் கணக்குதான் சொல்லும். ஆங்கிலத் தேதிக்கு நான்கு வருடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் சக்கரம் இருந்தால் பெரும்பாலும் போதும். இங்கே அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. அந்த 45 மில்லிமீட்டர் வாட்ச்சின் இயந்திரத்தில் 434 பாகங்கள்.

டயலில் எனக்குப் பிடித்தது மணிக்கணக்கு. பழைய சீன நாளுக்குப் பன்னிரண்டே மணி. ஒவ்வொன்றும் நம் இரண்டு மணி நேரம், அதாவது ஐந்து நாழிகை. மணிக்கு ஒரு விலங்கு. முதல் மணி எலியுடையது, இரவு 11க்கே தொடங்கிவிடும். இது போக மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து பூதங்கள். ஒவ்வொன்றும் யின், யாங் என்ற எதிரெதிர்த் தன்மைகளாக இரண்டாகி மொத்தம் பத்து. இந்தப் பத்தும் பன்னிரண்டு விலங்குகளும் சேர்ந்து சுற்றினால் அறுபது வருடம். 2012 நீர் டிராகன், 2024 மர டிராகன். நீர் டிராகன் திரும்ப வர 2072 ஆகவேண்டும். நமக்கும் அறுபது வருடச் சுற்று என்பதால் இது சட்டென்று புரிந்துவிடும். கணக்கு வேறு, நம்முடையது வியாழனை ஒட்டியது.

சரி, பாட்டன் சொத்து விஷயம். சீனக் கைவினை என்றதும் நினைவுக்கு வரும் நீல எனாமல், ஜிங்தைலான். 1449 முதல் 1457 வரை ஆண்ட ஜிங்தை பேரரசரின் பெயர் ஒட்டிக்கொண்டது. மெல்லிய உலோகக் கம்பியை வளைத்துப் படத்தின் கோட்டைக் கட்டி, பாத்திகட்டியது போன்ற அறைகளில் நனைந்த கண்ணாடிப் பொடியை நிரப்பி உலையில் வைப்பார்கள். வெந்ததும் பொடி உருகி அமுங்கிவிடும். மறுபடி நிரப்பி மறுபடி வேகவைக்கவேண்டும். கடைசிச் சூட்டில் ஒரு விரிசல் விழுந்தாலும் அத்தனை நாள் வேலையும் போச்சு. இன்றைய வாட்ச் டயலில் அந்தக் கம்பி தலைமுடி கனத்துக்குத் தங்கத்தில் இருக்கும். விலையில் ஒரு பகுதிக்கு அது நியாயம் சொல்லும். மீதிக்கு நான் பொறுப்பில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கலையே ஜிங்தைக்கு முன்பு, மங்கோலியர் ஆண்ட யுவான் வம்சக் காலத்தில் மேற்கிலிருந்து சீனாவுக்குப் போனது. அப்புறம் சுவிஸ்காரர்கள் சீனாவுக்கென்றே வாட்ச் செய்தார்கள். 1822இல் தொடங்கிய போவே கம்பெனி பிழைத்ததே சீனச் சந்தையால்தான். எனாமல் பூசி முத்துப் பதித்து, பரிசு கொடுக்கத் தோதாக ஜோடி ஜோடியாகச் செய்தார்கள். இயந்திரத்திலும் பூவேலை செதுக்கினார்கள், அது தெரியப் பின்பக்கம் கண்ணாடி போட்டார்கள். வாங்குகிறவர் ரசனை வாட்ச்சையே மாற்றியிருக்கிறது.

உங்கள் நண்பருக்கு ஒரு செய்தி: அதெலியே வென் என்றொரு சின்ன நிறுவனம் இருக்கிறது. தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள். ஆனால் வாட்ச் சீனாவில் செய்தது என்பதை ஒளிக்காமல் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கையால் இயக்கும் கடைசல் இயந்திரத்தில் டயலுக்குக் கோலமிடுபவர் செங் யூசாய் என்ற சீனக் கைவினைஞர். அதில் டிராகன் இல்லை. வீட்டு விலையும் இல்லை.