மூன்றாம் முறையும் கருகிய தடையி

கேள்வி: எங்கள் வீடு கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. அப்பப்பா பாவித்த, இரண்டு ஈ.எல். 84 வால்வுகள் கொண்ட அம்பிளிபயரில், அவ்விரு வால்வுகளின் கதோட்டுக்கும் பொதுவான 130 ஓம் தடையி ஒரே வருடத்தில் மூன்று முறை கருகிவிட்டது. வால்வுகளையும் புதிதாகப் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு வால்வின் தகடு சிவக்கிறது. இரண்டையும் இடம் மாற்றினாலும் அதே பக்கம்தான் சிவக்கிறது. தடையிக்குக் குறுக்கே 18 வோல்ற் காட்டுகிறது. கண்டென்சர்கள் நல்லவை என்று கடையில் சோதித்துச் சொன்னார்கள். மாரியில் தொல்லை அதிகம். என்ன செய்யலாம்?

பதில்: வால்வுகளை இடம் மாற்றிப் பார்த்தீர்களே, அதுவே பாதிப் பதிலைத் தந்துவிட்டது. சிவக்கும் கோளாறு வால்வோடு சேர்ந்து இடம் மாறவில்லை என்றால், கோளாறு அந்தப் பக்கத்து இணைப்பில் இருக்கிறது. இன்னொரு சோடி வால்வுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 300 வோல்ற் ஊட்டத்தில் அந்தத் தடையியில் ஏறத்தாழ 10.5 வோல்ற்தான் நிற்க வேண்டும். 18 வோல்ற் என்பது இரு வால்வுகளிலும் சேர்ந்து சுமார் 138 மில்லி அம்பியர் ஓடுகிறது என்று பொருள். அதில் பெரும்பங்கை ஒரே வால்வு சுமப்பதால், 12 வாற்று மட்டுமே தாங்கக்கூடிய அதன் தகடு சிவக்கிறது. தடையியும் இரண்டரை வாற்று வெப்பத்தில் கருகுகிறது.

என் சந்தேகம் முந்திய நிலையிலிருந்து அந்த வால்வின் கிரிட்டுக்கு, அதாவது அதில் ஓடும் மின்னைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, ஒலியைக் கடத்தும் கண்டென்சர் மீதுதான். அதன் ஒரு முனையில் 200 வோல்ற் அளவு நிற்கையில் வெறும் 10 மைக்ரோ அம்பியர் கசிந்தாலும், 470 கிலோ ஓம் கிரிட் தடையியில் 4.7 வோல்ற் நேர் அழுத்தம் உண்டாகி, வால்வு அளவுக்கு மீறித் திறந்துவிடும். கடையிலுள்ள மீற்றர் சில வோல்ற்றில் மட்டுமே சோதிப்பதால் இந்தக் கசிவை அது காட்டாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவருடைய கருவிக்கு அது எட்டவில்லை.

மின்னை நிறுத்தி, சிவக்கும் வால்வை மட்டும் கழற்றிவிட்டு, மீண்டும் மின் கொடுத்து அதன் குழியில் கிரிட்டுக்குரிய 2ஆம் முனையை உலோக அடித்தட்டுக்கு எதிராக அளந்து பாருங்கள். அங்கே பூச்சியம் நிற்க வேண்டும். நேர் அழுத்தம் இருந்தால் மின்னை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பெரிய கண்டென்சர்களை ஒரு தடையி மூலம் வெறுமையாக்கிய பிறகு, கடத்தும் கண்டென்சரின் கிரிட் பக்கக் காலை மட்டும் ஈயத்திலிருந்து விடுவித்து மறுபடி அளவுங்கள். அழுத்தம் மறைந்தால் கண்டென்சரே குற்றவாளி. மறையாவிட்டால் வால்வைச் செருகும் அந்தக் குழியைப் பாருங்கள். 9ஆம் முனையில் உயர் அழுத்தம் நிற்கிறது, 2ஆம் முனை அதற்கு அதிக தூரத்தில் இல்லை. உப்புக் காற்றில் படிந்த அழுக்கு மாரி ஈரத்தில் நனைந்து இரண்டுக்கும் இடையே பாதை போட்டுவிடும். கல்லடியில் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த தூரிகையால் குழியைத் துடைத்து, நன்கு உலர விடுங்கள். உள்ளே கருகிய தடம் தெரிந்தால் குழியையே மாற்றுங்கள்.

கடத்தும் கண்டென்சர்களை இரு பக்கமும், அதே கொள்ளளவில், 630 வோல்ற் பொலிபுரொப்பிலீன் வகையாக மாற்றுங்கள். கதோட்டுத் தடையியை 5 வாற்றுக் கம்பிச்சுற்று வகையாகவும், வெப்பத்தில் வெந்த அதன் அருகிலுள்ள மின்பகு கண்டென்சரைப் புதிதாகவும் போடுங்கள். உருகியின் அளவை மட்டும் எக்காரணம் கொண்டும் கூட்டாதீர்கள். ஸ்பீக்கரை இணைக்காமலும் ஓட்டாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் தடையிக்குக் குறுக்கே மீண்டும் அளவுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் 10, 11 வோல்ற்றுக்குள் நின்றால் அடித்தட்டை மூடலாம்.